குழியில் வைத்த கேழ்வரகு

யூசுப் நபி (அலை) அவர்கள் எகிப்து மன்னரின் கனவுக்கு விளக்கம் கூறியபோது, பஞ்சம் வரப்போகிறது என்று அறிவித்ததோடு நிறுத்திக்கொள்ளவில்லை. தானியத்தைக் காக்கும் முறையையும் சேர்த்தே சொன்னார்கள். ஏழு ஆண்டுகள் தொடர்ந்து பயிரிட வேண்டும். உண்பதற்கு வேண்டிய சிறிதளவைத் தவிர அறுத்ததையெல்லாம் கதிரோடு விட்டுவைக்க வேண்டும் என்பதே அவர்களது அறிவுரையின் சாரம் (திருக்குர்ஆன் 12:47). கதிரிலிருந்து உதிர்க்காத மணியை உமி காக்கும். புழு எளிதில் அண்டாது. ஒரு நபியின் வாயிலாக வந்த இச்செய்தி களஞ்சியக் கலையைப் பற்றியது. ஆயினும் இந்த அத்தியாயத்தை ஓதும் நம் வீடுகளில் பேச்சு பெரும்பாலும் பாழுங்கிணற்றோடும் கிழிந்த சட்டையோடும் நின்றுவிடுகிறது.

சேலம், நாமக்கல் சமவெளியின் ஊர்களில் இதே கலைக்கு வேறொரு வடிவம் இருந்தது. இங்கே நெல் ஆற்றோரத்திலும் ஏரிப் பாசனத்திலும் மட்டுமே விளைந்தது. மற்ற நிலமெல்லாம் மானாவாரி. கேழ்வரகு, கம்பு, சோளம், சாமை ஆகியவையே மக்களின் உணவு. அவற்றுள் கேழ்வரகுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. மணி கடுகைப் போலச் சிறியது, மேல்தோல் கடினமானது, பூச்சி அதைத் துளைப்பது அரிது. ஆகவே பல ஆண்டுகள் கெடாமல் நிற்கும். மழைநீர் தேங்காத மேட்டு நிலத்தில், இறுகிய மண்ணில், வாய் குறுகலாகவும் வயிறு அகலமாகவும் குழி வெட்டுவார்கள். சுவர்களில் வைக்கோல் அணைத்து, தானியத்தைக் கொட்டி, மேலே மண் போட்டு மெழுகி மூடிவிடுவார்கள். உள்ளே அடைபட்ட காற்றிலுள்ள பிராணவாயுவைத் தானியமே மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். எஞ்சிய காற்றில் பூச்சி பிழைக்காது. மனிதரும் பிழைக்க மாட்டார். எனவே குழியைத் திறந்தவுடன் எவரும் இறங்குவதில்லை. வாயைத் திறந்து ஆறவிட்டு, விளக்கொன்றைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். விளக்கு அணைந்தால் மேலும் காத்திருப்பார்கள். வேதியியல் பாடநூல் எதுவும் அவர்களிடம் இல்லை. ஆனால் கரியமில வாயுவை அறிந்திருந்தார்கள்.

வீட்டுச் செலவுக்கான தானியம் குதிரிலும், மூங்கிலால் பின்னி மண் பூசிய தொம்பையிலும் இருந்தது. விதைத் தானியத்துக்குச் சாம்பலும் வேப்பிலையும் நொச்சியிலையும் காவல். அறுவடைக் காலத்தின் பரபரப்பில் பாதி இந்த ஏற்பாடுகளுக்கே சென்றது. இன்று அறுவடை விழா என்றால் பொங்கல் பானையும் கரும்பும் நம் கண்முன் வருகின்றன. அந்த நாள்களில் களத்து மேடே விழாக்களம். தூற்றிக் குவித்த பொலியிலிருந்து உரியவன் வீட்டுக்கு ஒரு படி போவதற்கு முன்பே தச்சருக்கும் கொல்லருக்கும் வண்ணாருக்கும் நாவிதருக்கும் காவல்காரருக்கும் பங்கு அளக்கப்பட்டது. பழைய ஆவணங்கள் இதை மேரை என்று குறிக்கின்றன. (பிற சமயத்தாரின் விழாக்களில் நாம் பங்கேற்பது பற்றிய சட்ட விவாதத்துக்குள் இங்கு நுழையவில்லை, அதை ஆலிம்களிடம் நேரில் கேட்டுத் தெளிவதே முறை.)

இஸ்லாத்தில் அறுவடைக்கெனத் தனிப் பெருநாள் இல்லை. ஆனால் அறுவடை நாளுக்கென்று ஒரு கடமை உண்டு. பழுத்தால் உண்ணுங்கள், அறுக்கும் நாளிலேயே அதற்குரிய உரிமையைக் கொடுத்துவிடுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்ற கருத்துடைய வசனம் ஆறாம் அத்தியாயத்தில் உள்ளது (6:141). மழையாலும் ஆற்றாலும் தானே நனையும் நிலத்தின் விளைச்சலில் பத்தில் ஒன்று. உழைத்து இறைத்து நீர் பாய்ச்சினால் இருபதில் ஒன்று. கவலையில் எருதுகளைப் பூட்டித் தோல்சாலால் நாள் முழுவதும் நீர் இறைத்த கொங்கு உழவனின் முதுகு வலியைச் சட்டம் கணக்கில் எடுத்துக்கொண்டது என்றே நமக்குத் தோன்றுகிறது.

இந்த ஏற்பாட்டின் பெருஞ்சோதனை 1876இல் வந்தது. அதற்கு முன்னுரையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து இப்பகுதி கம்பெனியின் கைக்கு மாறியது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே பணியாற்றிய தாமஸ் மன்றோவும் இங்கே நிலவரியைப் பணமாக வசூலிக்க வகுத்த முறையே பின்னர் ரயத்துவாரி என்ற பெயரில் சென்னை மாகாணமெங்கும் பரவியது. பணத்தில் வரி, குறித்த நாளில் தவணை. ஆகவே அறுவடை முடிந்தவுடன் தானியம் விற்பனைக்குப் போயாக வேண்டும். 1860களில் ரயில்பாதையும் வந்தது. குழியில் கிடக்க வேண்டிய தானியம் சந்தையை நோக்கி நடந்தது. விலை உயர்ந்த இடத்துக்கு அது எளிதில் பயணப்பட்டது.

1876இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. தொடர்ந்த இரண்டு ஆண்டுகள் தென்னிந்தியாவின் கொடும் பஞ்சமாக வரலாற்றில் நிற்கின்றன. அதே காலத்தில் சீனாவிலும் பிரேசிலிலும் மக்கள் பசியால் மடிந்தார்கள். அன்றைய சேலம் மாவட்டம் இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளையும் உள்ளடக்கியது. 1871 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம். 1881இல் அது சுமார் 16 லட்சம். வளர்ந்திருக்க வேண்டிய எண்ணிக்கை மூன்றரை லட்சத்துக்கும் மேலாகக் குறைந்தது. இறந்தவர் எத்தனை, காப்பித் தோட்டங்களுக்கும் அயல்நாடுகளுக்கும் பிழைக்கச் சென்றவர் எத்தனை என்று பிரிப்பது கடினம். சர் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக்கு வந்தவர்களின் தானிய அளவை நாளொன்றுக்கு ஒரு பவுண்டாகக் குறைத்ததும், அதைச் சென்னையின் மருத்துவ அதிகாரிகளே எதிர்த்ததும் பதிவில் உள்ளன. இவ்வளவும் நடந்தபோது துறைமுகங்களில் தானியம் இல்லாமலில்லை. வாங்கும் கையில்தான் காசு இல்லை.

இவ்விடத்தில் ஃபிக்ஹ் நூல்கள் பேணும் ஒரு வேறுபாட்டை நினைவுகூர வேண்டும். ஒலியில் நெருங்கிய இரண்டு அரபுச் சொற்கள்: இத்திகார், இஹ்திகார். முன்னது குடும்பத்தின் தேவைக்குச் சேமித்து வைத்தல்; நபி (ஸல்) அவர்களே தம் குடும்பத்தாருக்கு ஓராண்டு உணவை ஒதுக்கி வைத்ததாக உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பு உள்ளது. பின்னது விலையேற்றத்துக்காகப் பதுக்குதல், அது பாவம். இரண்டுக்கும் இடையிலுள்ள கோடு காலத்தைப் பொறுத்து நகரும் என்பதற்கு ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பு சான்று. ஒரு ஹஜ்ஜுப் பெருநாளில் பாலைவனத்து ஏழைகள் மதீனாவுக்குத் திரண்டு வந்தனர். குர்பானி இறைச்சியில் மூன்று நாளைக்கு உரியதை வைத்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் ஆணையிட்டார்கள். பின்னர் மக்கள் இதுபற்றிக் கேட்டபோது, அந்த ஏழைகளுக்காகவே தடுத்ததாகவும், இனி உண்ணலாம், சேமிக்கலாம், தர்மம் செய்யலாம் என்றும் கூறினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இது உள்ளது. பசித்தவர் வாசலில் நிற்கும் ஆண்டில் குழியைத் திற. மற்ற ஆண்டில் மூடி வை. பிற்காலத்துப் பஞ்ச விதித்தொகுப்புகளைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் இந்த ஹதீஸின் தெளிவு நம்மை வியக்க வைக்கிறது. நம் வீடுகளில் குர்பானி இறைச்சியை மஞ்சளும் உப்பும் தடவிக் கயிற்றில் கோத்து வெயிலில் காயவிடும் உப்புக்கண்டம் அந்த அனுமதியின் கீழ் வருவதே. குளிர்பெட்டி வந்தபின் அதைச் செய்யும் கைகள் குறைந்துவிட்டன.

அடுத்த மாற்றம் ஒரு கிழங்கின் வடிவில் வந்தது. மரவள்ளி தென்அமெரிக்காவைச் சேர்ந்தது. திருவிதாங்கூரில் 1880களில் விசாகம் திருநாள் மன்னர் அதைப் பரப்பினார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் மலேயாவையும் 1942இல் பர்மாவையும் பிடித்தபோது பர்மா அரிசியும் நின்றது, மலாய்த் தீவுகளின் சவ்வரிசியும் நின்றது. அந்தச் சவ்வரிசி ஒருவகைப் பனையின் தண்டிலிருந்து எடுப்பது. அதற்கு மாற்றாக, கேரளத்தோடு வணிகத் தொடர்பு கொண்டிருந்த சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியாரும், பினாங்கில் அத்தொழிலை அறிந்த போபட்லால் ஷாவும் 1943இல் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினர். 1944இல் உணவுத் தட்டுப்பாடு முற்றியபோது, கிழங்கு மக்களின் உணவுக்கே வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் இப்பொருள்கள் வெளியே செல்வதைத் தடுத்தது. ஆலைக்காரர்கள் சங்கம் அமைத்து முறையிட்டுத் தடையை நீக்கிக்கொண்டனர். மதீனாவின் மூன்று நாள் ஆணையை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

குச்சிக்கிழங்கு என்று நம்மவர் அழைக்கும் இக்கிழங்கின் குறை, பறித்த இரண்டு மூன்று நாளில் உள்ளே கறுத்துக் கெடத் தொடங்குவது. மண்ணிலேயே சில மாதம் விட்டுவைக்கலாம். பறித்த பின் விடமுடியாது. ஜவ்வரிசி என்பதே அந்தக் கெடுதலை வெல்லும் ஒரு பாதுகாப்புக் கலைதான். தோல் நீக்கி, அரைத்து, பாலை வடிகட்டி, தொட்டியில் படியவிட்டு, ஈரமாவைக் குலுக்கி உருண்டையாக்கி, சூடான தகட்டில் வறுத்து, களத்தில் உலர்த்துகிறார்கள். எஞ்சும் திப்பி தீவனமாகிறது. ஈரப்பதம் போனபின் அது ஓராண்டுக்கும் மேல் நிற்கும். 1981இல் ஆலைக்காரர்கள் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கத்தைப் பதிவு செய்தனர். விலை விழும் காலத்தில் சரக்கைக் கிடங்கில் வைத்து, அதன்மேல் முன்பணம் பெற்று, காத்திருந்து விற்கும் வசதி அதனால் கிடைத்தது. காத்திருக்க முடிந்தவனே விலை பேச முடியும். ஆனால் கிழங்கைப் பறித்த உழவனுக்கு அப்படியொரு கிடங்கு இல்லை. மூன்று நாள்களுக்குள் அவன் விற்றாக வேண்டும். மாவுச்சத்துப் புள்ளியை ஆலை அளந்து சொல்லும் விலையே விலை.

இதற்கு நாம் கொடுத்த விலை கொல்லிமலையில் தெரிகிறது. அங்கே சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகள், ஆலைகளின் தேவை பெருகியதும் மரவள்ளிக்கு மாறின. வீட்டில் தொம்பை நிறைய இருந்த தானியம் போய், பணம் வந்து, அந்தப் பணத்தில் ரேஷன் அரிசி வந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அங்கே சிறுதானிய விதைகளைச் சேகரித்து, ஊர் விதை வங்கிகளை அமைத்து, சாமையை உரலில் குத்தும் பெண்களின் பாடு தீர உமி நீக்கும் இயந்திரங்களையும் கொண்டுவந்தது. மக்கள் சிறுதானியத்தைக் கைவிட்டதற்குச் சுவை காரணமன்று, குத்தும் உழைப்பே பெருங்காரணம் என்பதை அவர்கள் கண்டறிந்தது பாராட்டத்தக்கது. ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்த 2023ஆம் ஆண்டிலேயே சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது ஒரு விநோதப் பொருத்தம்.

நம் குடும்பங்களில் பல, வணிகத்தையும் கைத்தொழிலையும் நம்பியவை. நிலம் உடையவை சிலவே. ஆகையால் நமக்கு எஞ்சியிருப்பது மொட்டைமாடிக் களஞ்சியம். சித்திரை வெயிலில் ஜவ்வரிசி வடாம், கோடையில் மாவடுவும் மாங்காய் வற்றலும். சேலத்து மாங்கனிகளில் குதாதத் என்றொரு வகை உண்டு. பெயர் பாரசீகம், பொருள் இறைவன் தந்தது. முதல் கனி கொண்டுவரப்பட்டால் நபி (ஸல்) அவர்கள் பரக்கத் வேண்டி துஆ செய்து, அங்கிருக்கும் குழந்தைகளில் மிகச் சிறியதற்கு அதைக் கொடுப்பார்கள் என்பதை அறிந்த வீடுகளில் பருவத்தின் முதல் மாம்பழம் யாருக்கு என்ற சண்டை எழுவதில்லை. வடாம் கூழுக்கு உப்பை ஏன் குறைத்துப் போட வேண்டும், ஊறுகாய் மாங்காயை ஏன் ஈரமின்றித் துடைக்க வேண்டும் என்பதைப் பாட்டிமார்கள் பேத்திகளுக்கு மட்டும் சொல்லிவந்தார்கள். பேரன்களுக்கும் சொன்னால் என்ன என்பது நம் கேள்வி. காய்ந்தால் உப்பு மிகும், ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும் என்பவை எவருக்கும் விளங்கக்கூடியவையே.

மதரஸாவில் உஷ்ர் பாடம் வரும்போது மாணவர்கள் மரவள்ளியைப் பற்றிக் கேட்பதுண்டு. (இந்திய நிலம் உஷ்ர் நிலமா என்ற விவாதம் தனி.) நிலம் விளைவிக்கும் எல்லாவற்றிலும், அளவு எதுவாயினும், உஷ்ர் உண்டு என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. அவர்களுடைய இரு மாணவர்களான அபூயூசுஃப், முஹம்மத் (ரஹ்) ஆகியோரோ ஓராண்டு கெடாமல் நிற்கும் பொருளுக்கே, அதுவும் 5 வஸக் அளவை எட்டினாலே கடமை என்றனர். ஷாஃபிஈ மத்ஹபிலும் முக்கிய உணவாகவும் சேமிக்கத் தக்கதாகவும் இருப்பது நிபந்தனை. அப்படியானால் மூன்று நாளில் கெடும் கிழங்கு ஏழையின் பங்கிலிருந்து தப்பிவிடுமா என்பது கேள்வி. ஹனஃபி மத்ஹபின் தீர்ப்பு இமாம் அபூஹனீஃபாவின் சொல்லின்மீதே அமைந்துள்ளது. கிணற்று நீரில் விளைந்த கிழங்காயின் இருபதில் ஒன்றையோ அதன் கிரயத்தையோ கொடுக்க வேண்டும் என்று பதில் சொல்கிறோம். கேழ்வரகைப் பற்றி எவரும் கேட்பதில்லை. சேமிக்கத் தக்க உணவுத் தானியம் என்பதால் நாம் பயிலும் இரு மத்ஹபுகளிலும் அதற்குக் கடமை உண்டு. மாணவரில் பலர் அதைக் கையில் எடுத்துப் பார்த்திராதவர்கள். ஆகவே அன்றைய பாடத்துக்கு ஒரு படி கேழ்வரகைக் கொண்டுவந்து மேசைமேல் வைக்கிறோம்.