குப்ளாய் கான் நலம் வேண்டி ஒரு சிவன் கோயில்

1279-ஆம் ஆண்டோடு மூன்றாம் இராஜேந்திரனைப் பற்றிய பேச்சு கல்வெட்டுகளில் நின்றுபோகிறது. சோழர் கதை அவ்வளவுதான். தம்மம்பட்டிக்கு அருகே ஆறகளூரில் இருந்துகொண்டு மகதை மண்டலத்தை ஆண்ட வாணகோவரையர்களின் பழைய செல்வாக்கும் பாண்டியர் எழுச்சிக்கு முன்னால் மங்கிவிட்டது. அதே 1279-இல் சீனத்தின் தென்கோடியில், யாமென் கடற்போரில் தோற்ற சோங் வம்சத்தின் அமைச்சர், சிறுவனாக இருந்த தம் அரசனை முதுகில் சுமந்தபடி கடலில் குதித்து உயிரை விட்டார். முழுச் சீனமும் குப்ளாய் கைக்கு வந்தது.

செங்கிஸ்கானின் பேரன் குப்ளாய், 1215-இல் பிறந்தவர். 1260-இல் மகாகான் ஆனார். ஆனால் தம்பி அரிக் போகே அடங்கி வர மேலும் நான்கு ஆண்டுகள் ஆயின. 1271-இல் தம் ஆட்சிக்கு ‘யுவான்’ என்று சீனப் பெயர் வைத்தார். இன்றைய பெய்ஜிங்கில் தலைநகர், காகிதப் பணம், தானியம் கொண்டுவரக் கால்வாய் என்று அவர் செய்தவற்றைப் பாடநூல்களே சொல்லிவிடும். எனக்கு வியப்பாக இருப்பது வேறு. குதிரை முதுகில் வளர்ந்த ஒரு குலத்தின் தலைவர் கடலைப் பிடித்துக்கொண்டாரே, அதுதான்.

அதற்குச் சுவான்சௌ துறைமுகம் வழிவிட்டது. அங்கே கப்பல் வணிகத்தைக் கையில் வைத்திருந்த பூ ஷோகெங் என்ற முஸ்லிம் வணிகர், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, சோங் அரசைக் கைவிட்டு மங்கோலியர் பக்கம் சாய்ந்தார். நம் வணிகர்களும் அந்த ஊரில் இருந்தார்கள். சக ஆண்டு 1203, சித்திரை மாதம், அதாவது கி.பி. 1281 ஏப்ரலில், தவச்சக்கரவர்த்திகள் என்ற சம்பந்தப் பெருமாள் அங்கே திருக்கதலீச்சுரமுடைய நாயனாரை எழுந்தருளச் செய்தார். அந்தத் தமிழ்க் கல்வெட்டு 1956-இல் கிடைத்தது. செகசை கானின் ஆணைப்படி, அவர் திருமேனி நலமாக இருக்கவேண்டும் என்று செய்த திருப்பணி என்கிறது அது. செகசை கான் என்பது குப்ளாய்தான் என்று ஆய்வாளர் பலரும் கொள்கிறார்கள். அடியில் ஒரு வரி சீன எழுத்தும் உண்டு.

சுவான்சௌவின் கையுவான் பௌத்த ஆலயத்தில், பழைய இந்துக் கோயிலிலிருந்து கொண்டுவந்து நட்ட தூண்கள் இன்றும் நிற்கின்றன. இரணியன் வயிற்றைக் கிழிக்கும் நரசிம்மர் இருக்கிறார். கோபியர் சேலைகளோடு மரமேறிய கண்ணன் இருக்கிறார். சாமி வாகனங்கள் செதுக்கிப் பழகிய தம்மம்பட்டி ஆசாரி ஒருவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால், யாரும் விளக்காமலே ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிவிடுவார்.

அந்த 1281-இல்தான் குப்ளாயின் தூதர் யாங் திங்பி சுவான்சௌவிலிருந்து கொல்லத்துக்குப் புறப்பட்டார். இலங்கைக்கு வரவே மூன்று மாதம். காற்று எதிர்த்தது, உணவும் குறைந்தது. கப்பலைப் பாண்டிய நாட்டுக் கரைக்குத் திருப்பினார்கள். தரை வழியாகக் கொல்லம் போகலாம் என்று பார்த்தார் தூதர். பாண்டிய அமைச்சர்கள் வழிவிடவில்லை. ஐந்து அரச சகோதரர்கள் காயலில் கூடிக் கொல்லத்தின் மீது படையெடுக்கத் திட்டமிட்டிருந்தார்கள் என்று யுவான் வரலாறு எழுதிவைத்திருக்கிறது. அப்படியிருக்க, எதிரி ஊருக்குப் போகும் தூதருக்கு யார் வண்டி கட்டிக் கொடுப்பார்கள்? அப்போது மதுரையில் ஆண்டவர் மாறவர்மன் குலசேகரன்.

சுவான்சௌவில் அவருக்காக வேண்டிக்கொண்ட அந்த ஆண்டுதான் குப்ளாய்க்குச் சரிவு தொடங்கியது. கோடையில் ஜப்பான் மீது ஏவிய பெரும் கப்பற்படை புயலில் சிதைந்தது. நல்ல யோசனை சொல்லிவந்த மனைவி சாபி அதே ஆண்டு காலமானார். சில ஆண்டுகளில் பட்டத்து மகனும் போய்விட்டான். துக்கத்தை மதுவிலும் மாமிசத்திலும் மறக்கப் பார்த்தார். உடல் பருத்தது, கால்கள் கீல்வாதத்தில் வீங்கின. 1293-இல் ஜாவாவுக்கு அனுப்பிய படையும் தோற்றுத் திரும்பியது. 1294-இல், எழுபத்தெட்டு வயதில் இறந்தார். சீனத்துக்கு அப்பால் அவர் படை அனுப்பிய இந்தக் கடல்களிலெல்லாம் அடி வாங்கினார். வணிகரை நம்பிய கடல்தான் அவருக்குப் பணம் கொடுத்தது.

அவர் தொடங்கிய வம்சத்தை 1368-இல் வீழ்த்தியவர், ஒரு காலத்தில் திருவோடு ஏந்தித் திரிந்த பௌத்தத் துறவி. மிங் வம்சத்தை நிறுவிய அந்தச் சூ யுவான்சாங்கை அடுத்த வாரம் பார்ப்போம்.