கட்டளைவரி வழி அச்சு அமைப்பு

கட்டளைவரி வழி அச்சு அமைப்பு என்பது, திரையிலுள்ள பட்டியல்களையும் பொத்தான்களையும் நாடாமல், விசைப்பலகையில் தட்டும் கட்டளைகளைக் கொண்டே அச்சுப்பொறியைக் கணினியுடன் சேர்ப்பதும், தாளின் அளவு, படிகளின் எண்ணிக்கை, ஒருபக்க அல்லது இருபக்க அச்சு ஆகியவற்றைத் தீர்மானிப்பதும், வரிசையில் காத்திருக்கும் அச்சுப்பணிகளை நிறுத்துவதும் நீக்குவதுமாகும். யுனிக்ஸ், லினக்ஸ், மேக்ஓஎஸ் கணினிகளில் எல்பி, எல்பிஆர், எல்பிஅட்மின், எல்பிஆப்ஷன்ஸ் முதலிய கட்டளைகள் இதற்குப் பயன்படுகின்றன. விண்டோஸில் பவர்ஷெல் கட்டளைகள் உள்ளன.

எல்பி, எல்பிஆர் ஆகிய பெயர்கள் 1970-80களிலிருந்து மாறாமல் வருகின்றன. ஆனால் அவற்றுக்குப் பின்னால் இயங்கும் ஏற்பாடு பலமுறை அடியோடு மாறிவிட்டது. ஓர் அச்சுப்பொறியால் என்னென்ன செய்ய முடியும் என்ற விவரம் முதலில் இயக்குநரின் தலையிலும், பிறகு கணினியில் கையால் எழுதப்பட்ட கோப்பிலும், அடுத்து உற்பத்தியாளர் தந்த விவரக்கோப்பிலும், கடைசியாக அச்சுப்பொறிக்குள்ளேயும் இருந்துவந்திருக்கிறது. இந்த இடமாற்றமே இத்துறையின் வரலாறு.

பெருங்கணினிக் காலம்

ஐபிஎம் நிறுவனம் 1959-இல் 1401 கணினியுடன் வெளியிட்ட 1403 அச்சுப்பொறி, நிமிடத்துக்கு 600 வரிகளை, வரிக்கு 132 எழுத்துகள் வரை அடித்தது. தாள் எந்த வரியில் தொடங்க வேண்டும், எங்கே தாவ வேண்டும் என்பதைத் துளையிட்ட சிறு காகித நாடா வளையம் ஒன்று கட்டுப்படுத்தியது. படிவம் மாறினால் நாடாவையும் இயக்குநர் மாற்ற வேண்டும். பிற்கால அச்சுப்பொறிகளில் இதே வேலையை நினைவகத்தில் ஏற்றப்படும் ஒரு பட்டியல் ஏற்றுக்கொண்டது.

அன்றைய அச்சுப்பொறி எவ்வளவு வேகமானாலும் கணினியின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. அச்சு முடியும்வரை விலையுயர்ந்த கணினி சும்மா நிற்பதைத் தவிர்க்க, அச்சிட வேண்டியதை முதலில் நாடாவிலோ வட்டிலோ சேமித்து, பின்னர் வரிசைப்படி அச்சிடும் ஸ்பூலிங் முறை பிறந்தது. 1960களில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஹூஸ்டன் மையத்துக்காக உருவான ஹாஸ்ப் நிரல் இவ்வகையில் புகழ்பெற்றது. ஐபிஎம் 360 கணினிகளில் ஜேசிஎல் என்னும் பணிக்கட்டுப்பாட்டு மொழியில், வெளியீட்டின் வகுப்பையும் படிகளின் எண்ணிக்கையையும் துளையிட்ட அட்டைகளில் குறித்து அனுப்பினார்கள். அச்சுப்பணியின் அமைப்பை எழுத்தில் குறித்துக் கணினியிடம் ஒப்படைக்கும் வழக்கம் இவ்வாறு வேரூன்றியது.

யுனிக்ஸின் இரு கிளைகள்

பெல் ஆய்வகத்தில் உருவான யுனிக்ஸின் 1971 முதல் பதிப்பிலேயே, உரையைப் பக்கம் பக்கமாகப் பிரித்துத் தலைப்பிடும் பிஆர் கட்டளை இருந்தது. அச்சு வரிசையைக் கையாளும் முறை 1980களின் தொடக்கத்தில் இரண்டாகப் பிரிந்தது.

முதற்கிளை பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பிஎஸ்டி யுனிக்ஸ். 1983-இல் வந்த 4.2பிஎஸ்டி பதிப்பின் அச்சு வரிசை முறைக்கான கையேட்டை எழுதியவர் ரால்ஃப் கேம்ப்பெல். எல்பிஆர் பணியை வரிசையில் சேர்க்கும். எல்பிகியூ வரிசையைக் காட்டும். எல்பிஆர்எம் பணியை நீக்கும். எல்பிசி அச்சுப்பொறியைக் கட்டுப்படுத்தும். எல்பிடி என்னும் பின்னணி நிரல் இவை அனைத்தையும் நடத்தும். அச்சுப்பொறிகளின் விவரம் முழுவதும் பிரிண்ட்கேப் என்ற உரைக்கோப்பில் முக்காற்புள்ளிகளால் பிரித்து எழுதப்பட்டது. வரிசைக் கோப்புகள் தங்கும் அடைவு, பக்கத்தின் நீள அகலம், தலைப்புப் பக்கம் தேவையா, அச்சுப்பொறி வேறு கணினியில் இருந்தால் அதன் பெயர் ஆகியவற்றை இரண்டெழுத்துக் குறிகள் குறித்தன. எதுவும் சொல்லாவிட்டால் பக்கத்துக்கு 66 வரிகள், வரிக்கு 132 எழுத்துகள் என்று அது எடுத்துக்கொண்டது. வரி அச்சுப்பொறிகளின் அளவு அப்படியே நீடித்தது.

இரண்டாம் கிளை ஏடி அண்ட் டி நிறுவனத்தின் சிஸ்டம் ஃபைவ் யுனிக்ஸ். இதில் பணியை அனுப்ப எல்பி, நிலையறிய எல்பிஸ்டாட், நீக்க கேன்சல், நிர்வாகத்துக்கு எல்பிஅட்மின் என்று கட்டளைகள் அமைந்தன. ஒவ்வோர் அச்சுப்பொறிக்கும் ஒரு ஷெல் நிரல் இருந்தது. பயனர் தரும் விருப்பங்களை வாங்கி அச்சுப்பொறிக்குப் புரியும் குறிகளாக மாற்றுவது அதன் வேலை. இக்கிளை நிறுத்தத்தில் இருவகை கண்டது. ரிஜெக்ட் கட்டளை புதிய பணிகள் வரிசையில் சேர்வதைத் தடுக்கும். டிசேபிள் கட்டளை அச்சுப்பொறியை மட்டும் நிறுத்தும், வரிசையில் பணிகள் சேர்ந்துகொண்டே இருக்கும். தாள் தீர்ந்தால் இரண்டாவது போதும். அச்சுப்பொறியையே அகற்றுவதானால் முதலாவதும் வேண்டும்.

இரு கிளைகளும் ஒரே எழுத்தை வெவ்வேறு பொருளில் ஆண்டன. எல்பிஆரில் பெரிய எழுத்து ‘பி’ அச்சுப்பொறியின் பெயரைக் குறிக்கும். இன்றைய எல்பியிலோ அது பக்க எண்களைக் குறிக்கும். அங்கே அச்சுப்பொறிக்குச் சிறிய ‘டி’. படிகளின் எண்ணிக்கைக்கு எல்பிஆரில் ‘#’ குறி, எல்பியில் சிறிய ‘என்’. 1992-இல் வெளியான போசிக்ஸ் கட்டளைத் தரம் எல்பியைத் தேர்ந்தெடுத்து எல்பிஆரை விட்டுவிட்டது. சிறிய ‘ஓ’ என்ற விருப்பத்தின் வழியே என்னென்ன கேட்கலாம் என்பதை மட்டும் அது அந்தந்த அச்சுப்பொறிக்கே விட்டது. படிகள் தவிர்த்த பெரும்பாலான அச்சு அமைப்புகள் இந்த ‘ஓ’வுக்குள்தான் அடங்கும்; ஆகவே சொல் பொதுவானதே தவிர, பொருள் பொதுவாகவில்லை.

பெர்க்லி முறை வலையமைப்புகளில் பரவிய பின், அதன் பரிமாற்ற முறையை ஆர்எஃப்சி 1179 என்ற ஆவணம் 1990 ஆகஸ்டில் விவரித்தது. அதன் துறை எண் 515. இருபக்க அச்சு, தாள்தட்டு போன்றவற்றைக் கேட்க அதில் வழி இல்லை. அச்சுப்பொறி தன் திறனைத் தெரிவிக்கவும் வழி இல்லை.

டாஸ் கணினிகள்

தனிக்கணினியில் வரிசையே இல்லாமல் அச்சுப்பொறியுடன் நேரடியாகப் பேசினார்கள். கோப்பை எல்பிடி1 என்ற இணைமுனைக்கு நகலெடுத்தால் அச்சாகிவிடும். மோட் கட்டளையில் 132, 8 என்று எண்களைத் தந்தால் வரிக்கு 132 எழுத்து, அங்குலத்துக்கு 8 வரி என்று அமையும். வழக்கமான அளவு 80, 6. 1980-இல் வந்த எப்சன் எம்எக்ஸ்-80 போன்ற புள்ளி அச்சுப்பொறிகளில், 15 என்ற எண்ணுடைய கட்டுப்பாட்டுக் குறியை அனுப்பினால் எழுத்து ஒடுங்கும். கணக்குப் பேரேடுகளை அகலத்தாள் இல்லாமல் அச்சிட இந்த ஒடுங்கிய எழுத்தே கைகொடுத்தது. பின்னணியில் அச்சிடும் பிரிண்ட் கட்டளை 1983-இல் டாஸ் 2.0 பதிப்போடு வந்தது.

பக்க விவரண மொழியும் பிபிடி கோப்பும்

அடோபி நிறுவனம் 1984-இல் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியை வெளியிட்டது. 1985-இல் ஆப்பிளின் லேசர்ரைட்டர் அதைப் பரவலாக்கியது. அதற்குப் பிறகு அச்சுப்பணி என்பது வெறும் எழுத்துச்சரமாக இல்லாமல், அச்சுப்பொறிக்குள் ஓடும் ஒரு நிரலாயிற்று. தாள்தட்டு, இருபக்க அச்சு போன்றவற்றுக்கு ஒவ்வொரு தயாரிப்புக்கும் தனித்தனிக் கட்டளைத்துண்டு தேவைப்பட்டது. அவற்றைத் தொகுத்துத் தருவது பிபிடி என்னும் விவரக்கோப்பு. இன்ன விருப்பம், அதற்கு இன்ன தெரிவுகள், அவற்றுக்கு அனுப்ப வேண்டிய குறிகள், எவையெவை ஒன்றாகச் சேரக்கூடாது என எல்லாம் அதில் இருக்கும்.

எச்பி நிறுவனம் 1990களில் தன் லேசர்ஜெட் வரிசைக்குப் பிஜெஎல் என்ற பணிமொழியைக் கொண்டுவந்தது. ஆவணத்தின் முன்னால் சில வரிகள் சேர்த்தால் படிகளையும் இருபக்க அச்சையும் தீர்மானிக்கலாம். போஸ்ட்ஸ்கிரிப்ட் தெரியாத மலிவான அச்சுப்பொறிகளுக்கு, பீட்டர் டாய்ச் 1988-இல் வெளியிட்ட கோஸ்ட்ஸ்கிரிப்ட் மொழிபெயர்ப்பாளராக அமைந்தது.

ஐபிபியும் கப்ஸும்

1990களின் பிற்பகுதியில் உருவான இணைய அச்சு நெறிமுறையான ஐபிபி, 1999 ஏப்ரலில் ஆர்எஃப்சி ஆவணங்களாக வெளிவந்தது; 1.1 பதிப்பு 2000 செப்டம்பரில் வந்தது. அதன் துறை எண் 631. அச்சு அமைப்புகளுக்குப் பொதுவான பெயர்களை இந்நெறிமுறை நிலைநிறுத்தியது. படிகள், பக்கங்கள், தாள், ஒரு தாளில் எத்தனை பக்கம் என்பவற்றுடன், இருபக்க அச்சில் தாளை நீளவாக்கு ஓரத்தில் புரட்டுவதா குறுக்குவாக்கு ஓரத்தில் புரட்டுவதா என்பதற்கும் அதில் பெயர் உண்டு. முன்னுரிமைக்கு 1 முதல் 100 வரை எண் தரலாம். கணினியால் அச்சுப்பொறியைக் கேள்வி கேட்டு அதன் திறனைத் தெரிந்துகொள்ளவும் முடிந்தது.

இந்நெறிமுறையை அடித்தளமாகக் கொண்ட கப்ஸ் மென்பொருளை மைக்கேல் ஸ்வீட், தம் ஈசி சாஃப்ட்வேர் புராடக்ட்ஸ் நிறுவனத்தில் 1997-இல் உருவாக்கத் தொடங்கினார். 1999-இல் முதல் பதிப்பு வந்தது. கப்ஸ் பழைய இரு கிளைகளின் கட்டளைகளையும் ஏற்றுக்கொண்டது. எல்பிஆர் தட்டிப் பழகியவரும் எல்பி தட்டிப் பழகியவரும் ஒரே வரிசையை அடைந்தனர். 2002-இல் ஆப்பிள் மேக் ஓஎஸ் எக்ஸ் 10.2 பதிப்பில் இதைச் சேர்த்தது. 2007-இல் மூலநிரலை வாங்கி ஸ்வீட்டையும் பணியமர்த்தியது. அவர் 2019 இறுதியில் ஆப்பிளைவிட்டு விலகினார். அடுத்த ஆண்டு ஓப்பன்பிரிண்டிங் அமைப்பு தனிக்கிளையாக வளர்ப்புப் பணியைத் தொடர்ந்தது.

கப்ஸில் அமைப்புகள் அடுக்கடுக்காக இயங்கும். அச்சுப்பொறியின் முன்னிருப்பு எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும். நிர்வாகி எல்பிஅட்மின் மூலம் அதை மாற்றலாம். அதற்கு மேல் எல்பிஆப்ஷன்ஸ் வழியே கணினி முழுமைக்கும் சேமித்தவை, அதற்கும் மேல் பயனர் தமக்கெனச் சேமித்தவை. பணியை அனுப்பும்போது எல்பியுடன் சேர்த்துத் தருபவை அனைத்தையும் மீறும். எல்பிஆப்ஷன்ஸ் கட்டளையைச் சிறிய ‘எல்’ சேர்த்து இயக்கினால், அச்சுப்பொறி ஏற்கும் விருப்பங்கள் வரிசையாகத் தெரியும். நடப்பிலுள்ள தெரிவின் முன் உடுக்குறி இருக்கும். கேட்டபடி இருபக்க அச்சு வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பட்டியலையே.

பழகியவரும் தடுமாறும் இடங்கள் இரண்டு உண்டு. எல்பிஅட்மினில் பெரிய எழுத்து ‘ஈ’ அச்சுப்பொறியின் பெயருக்குப் பின் வந்தால் ‘வேலையைத் தொடங்கு, பணிகளை ஏற்றுக்கொள்’ என்று பொருள். முன்னால் வந்தால் ‘இணைப்பை மறையாக்கம் செய்’ என்று பொருள். இடம் மாறினால் புதிதாகச் சேர்த்த அச்சுப்பொறி அசையாமல் நிற்கும். அடுத்தது நேரம். பணியைக் குறித்த நேரம்வரை நிறுத்திவைக்கும் விருப்பம் உலகப் பொதுநேரத்தையே ஏற்கும். இந்திய நேரம் மாலை 6 மணிக்கு அச்சாக வேண்டுமானால் 12:30 என்று தர வேண்டும்.

விண்டோஸ்

விண்டோஸில் அச்சு நிர்வாகம் நெடுங்காலம் சாளரங்களைச் சார்ந்தே இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி, சர்வர் 2003 காலத்தில் அச்சுப்பொறிகளையும் பணிகளையும் கையாளும் விபிஸ்கிரிப்ட் நிரல்கள் வந்தன. 2012-இல் விண்டோஸ் 8, சர்வர் 2012 பதிப்புகளுடன் வந்த பவர்ஷெல் அச்சு நிர்வாகத் தொகுதி, நிறம், தாளளவு, இருபக்க அச்சு ஆகியவற்றை ஒரே கட்டளையில் மாற்ற வழிசெய்தது.

தமிழ் உரை

எளிய உரைக்கோப்பை எல்பிக்குத் தந்தால், அதைப் பக்கமாக்கும் வடிகட்டி ஒவ்வோர் எழுத்துக்குறியும் ஒரே அகலம் கொண்டது என்று கணக்கிடும். தமிழில் கொம்பும் காலும் மெய்யோடு சேர்ந்தே உருப்பெறுவதால், இம்முறையில் எழுத்து சிதையும். பாங்கோ எழுத்தமைப்பு நூலகத்தைப் பயன்படுத்தும் பாப்ஸ் நிரல் வழியாக யூனிகோடு உரையைச் செலுத்தினாலோ, முதலில் பிடிஎஃப் ஆக்கிவிட்டு அச்சுக்கு அனுப்பினாலோ எழுத்து சரியாக விழும்.

இன்றைய நிலை

2010-இல் ஆப்பிளின் ஏர்பிரிண்ட், 2013-இல் ஐபிபி எவ்ரிவேர் ஆகியவை வந்தபின், இயக்கி மென்பொருள் இல்லாமலே அச்சுப்பொறியைச் சேர்க்க முடிகிறது. எல்பிஅட்மினில் தயாரிப்பின் பெயருக்குப் பதில் ‘எவ்ரிவேர்’ என்று தந்தால், கப்ஸ் அச்சுப்பொறியிடமே விவரம் கேட்டு விருப்பப் பட்டியலை அமைத்துக்கொள்ளும். பிபிடி கோப்புகள் கைவிடப்படும் என்று கப்ஸ் அறிவித்துவிட்டது.

அச்சுப்பொறி தன்னைப் பற்றிச் சொல்வதை நம்புவதில் இடர் இருப்பதும் தெரியவந்தது. 2024 செப்டம்பரில் சிமோனே மார்கரிதெல்லி வெளியிட்ட ஆய்வின்படி, வலையமைப்பில் அச்சுப்பொறிகளைத் தேடும் கப்ஸ் துணைநிரல், போலி அச்சுப்பொறியின் விவரத்தையும் ஏற்றுக்கொண்டது. அதன் வழியே பிறர் கட்டளைகளை அக்கணினியில் இயக்க முடிந்தது. திருத்தப்பட்ட பதிப்புகள் வந்துள்ளன. தேடல் வசதி தேவைப்படாத சேவையகங்களில் அந்தத் துணைநிரலை நிறுத்திவைப்பதே பாதுகாப்பு.

எல்பி கட்டளை, 2024-இல் வெளியான போசிக்ஸ் பதிப்பிலும் இடம்பெற்றுள்ளது.