பழைய மாணவர் சங்கத்தின் பெயரில் ஒரு மாத்திரை

நம் சங்கக் கூட்டங்களில் முன்பெல்லாம் சம்பளம், பதவி உயர்வு, பிள்ளைகளின் படிப்பு என்று பேச்சு ஓடும். இப்போது முட்டி ஆபரேஷன், அமெரிக்காவில் மகளுக்குப் பிரசவம், இருபது மணி நேர விமானப் பயணம். ஆவடி டாங்க் தொழிற்சாலையும் அம்பத்தூர் எஸ்டேட்டும் 1960களில் வந்தவை. அவை வந்த புதிதில் வேலைக்குச் சேர்ந்த நம் அண்ணன்மாருக்கு இன்று எண்பது வயதை ஒட்டுகிறது. அவர்களில் யாராவது "ரத்தம் மெலிய மாத்திரை கொடுத்திருக்காங்க" என்று சொன்னால், காலின் ஆழமான சிரைக்குள் ரத்தம் உறைந்து கட்டியாகிவிட்டது என்று பல சமயம் பொருள். ரத்தம் மெலிவதெல்லாம் இல்லை, உறைவது தாமதமாகும், அவ்வளவுதான். அந்தக் கட்டி காலோடு நின்றால் வீக்கமும் வலியும். அறுந்து நுரையீரலுக்குப் போய் அடைத்தால் நிமிஷத்தில் உயிர் போகலாம். இந்த நோயின் சரித்திரத்தில் நம்மைப் போன்ற ஒரு பழைய மாணவர் கூட்டத்துக்கும் பங்குண்டு என்பதால்தான் இந்த மலரில் எழுதத் தோன்றியது.

ஜெர்மனியின் விர்ஷோ, நுரையீரலில் அடைக்கும் கட்டி வேறிடத்திலிருந்து பயணம் செய்து வருகிறது என்று 1840களிலேயே காட்டிவிட்டார். ரத்த ஓட்டம் தேங்குதல், குழாயின் உட்சுவர் காயப்படுதல், ரத்தமே உறையும் குணம் கொள்ளுதல் என்ற மூன்று காரணங்கள் அவர் பெயரால் இன்றும் பாடத்தில் இருக்கின்றன. காரணம் தெரிந்தும் மருந்துக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. 1916இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர், ரத்தத்தை உறைய வைக்கும் பொருளைத் தேடப் போய் அதைத் தடுக்கும் பொருளைக் கண்டார். அவர் கண்டதும் இன்றைய ஹெபாரினும் ஒன்றுதானா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே, லேபில் எதிர்பாராத விடை வந்தால் கொட்டிவிடாதீர்கள். 1930களில் டொராண்டோவில் அதைச் சுத்தப்படுத்தி மனிதருக்குப் போடும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் அது ஊசி. மாத்திரை வந்த கதைதான் சுவாரசியம்.

1920களில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன ஸ்வீட் க்ளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்தன. 1933 பிப்ரவரியில் விஸ்கான்சின் மாநில விவசாயி ஒருவர் கொட்டும் பனியில் சுமார் 300 கிலோமீட்டர் வண்டி ஓட்டி மாடிசன் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். செத்த கன்று, ஒரு கட்டு வைக்கோல், பால் கேன் நிறைய உறையாத ரத்தம் — இவ்வளவும் வண்டியில்! அன்று சனிக்கிழமை. கால்நடை அலுவலகம் பூட்டியிருந்தது. திறந்திருந்த கதவு கார்ல் லிங்க் என்ற வேதியியல் பேராசிரியருடையது. அவரிடம் அப்போது ஒரு பதிலும் இல்லை. ஆறு வருஷம் அவர் குழு மல்லுக்கட்டி, 1939இல் வைக்கோலிலிருந்து டைகூமரால் என்ற பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழிவந்த ஒன்று 1948இல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர்கள் 1925இல் பணம் போட்டுத் தொடங்கிய அறக்கட்டளைக்கு ஆங்கில முதலெழுத்துகளில் 'வார்ஃப்' என்று பெயர். ஆராய்ச்சிக்குப் பணம் தந்த அந்த 'வார்ஃப்'தான் 'வார்ஃபரின்' ஆயிற்று. 1951இல் ஒரு படைவீரர் தற்கொலைக்கு முயன்று அதை நிறையத் தின்றும் பிழைத்துக்கொண்டார். எலி மருந்து மனித மருந்தானது 1954இல். நம் ஊர் மருந்துக்கடைகளில் அதிகம் பார்க்கும் 'அசிட்ரோம்' இதே குடும்பம்தான்.

சும்மா உட்கார்ந்திருப்பதே ஆபத்து என்று யார் நம்புவார்? 1940இல் லண்டன் மேல் குண்டு விழுந்தபோது ஜனங்கள் இராப்பூரா பதுங்குமிடங்களில், சாய்வு நாற்காலிகளில் கிடந்தார்கள். நுரையீரல் அடைப்புச் சாவுகள் முந்திய ஆண்டின் அதே மாதங்களைவிட ஆறு மடங்கு ஏறியதை கீத் சிம்சன் என்ற தடயவியல் மருத்துவர் கவனித்து எழுதினார். நாற்காலியின் முன்விளிம்பு தொடையின் அடியில் அழுத்தியது ஒரு காரணம் என்றார். படுக்கைகள் போடச் சொன்னார். விமானத்தில் நடுநடுவே எழுந்து நடக்கச் சொல்வதன் வேர் இதுபோன்ற அவதானிப்புகளில் இருக்கிறது.

மருந்து உண்மையில் உயிர் காக்கிறதா என்று 1960இல் பிரிட்டனின் பிரிஸ்டலில் பார்த்தார்கள். மருந்து தராத 19 பேரில் 5 பேர் நுரையீரல் அடைப்பால் இறந்தனர். தந்த 16 பேரில் ஒருவர்கூட அப்படி இறக்கவில்லை. தராமல் இருப்பது தர்மமாகாது என்று சோதனையையே நிறுத்தினார்கள். வந்தபின் வைத்தியம் சரி, வருமுன் காப்பது? அங்கேதான் இந்தியாவில் பிறந்த ஒருவர் வருகிறார். லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையின் அறுவை சிகிச்சை நிபுணர் விஜய் கக்கர், 1969இல் ஆபரேஷன் செய்துகொண்ட 132 பேரின் கால்களைக் கதிரியக்க முறையில் தினமும் சோதித்தார். 40 பேருக்குக் கட்டி இருந்தது. பலருக்கு வெளியே ஒரு அறிகுறியும் இல்லை. 1975இல் 4,121 பேரை வைத்துப் பெரிய ஆய்வு வந்தது. சிறு அளவு ஹெபாரின் போடாதவர்களில் 16 பேர் நுரையீரல் அடைப்பால் இறந்தனர், போட்டவர்களில் 2 பேர். உலகத்தின் ஆபரேஷன் பழக்கத்தையே மாற்றிய கணக்கு இது.

ஆனால் நம் நாட்டில்? "இது வெள்ளைக்காரன் வியாதி, நமக்கெல்லாம் வராது" என்ற நம்பிக்கை டாக்டர்களிடமே வெகுகாலம் இருந்தது. வராததா, தேடாததா? வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1996 முதல் 2005 வரையிலான பதிவுகளைப் புரட்டியபோது, சேர்ந்த 10,000 நோயாளிகளில் சுமார் 17 பேருக்குச் சிரைக் கட்டி இருந்தது தெரிந்தது. இது கண்டுபிடிக்கப்பட்டவை மட்டுமே. பல நாடுகளில் நடந்து 2008இல் வெளியான கணக்கெடுப்பில், இந்திய மருத்துவமனைகளில் பார்த்த நோயாளிகளில் பாதிக்கு மேல் ஆபத்துள்ளவர்கள். அப்படிப்பட்டவர்களில் 100க்கு 17 பேருக்குத்தான் தடுப்பு கிடைத்திருந்தது. எனக்கு வருத்தம் தருவது இந்த இரண்டாவது எண்தான்.

ஆபத்தை எடைபோட, கனடாவின் பிலிப் வெல்ஸ் 1990களில் மதிப்பெண் முறை ஒன்று தந்தார். புற்றுநோய், மாவுக்கட்டு, மூன்று நாள் படுக்கை, ஒரு கெண்டைக்கால் மற்றதைவிட 3 சென்டிமீட்டருக்கு மேல் பருத்தல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க். வேறு காரணம் அதே அளவு பொருந்துமானால் இரண்டு மார்க் குறைப்பு. யானைக்காலும் செருப்பில்லாத புண்ணும் பழகிய நம் ஊரில் இந்தக் குறைப்பு முக்கியமானது. மார்க் குறைவாக இருந்தால் 'டி-டைமர்' ரத்தச் சோதனை, அதிகமாக இருந்தால் நேரே டாப்ளர் ஸ்கேன்.

சிகிச்சை பெரும்பாலும் குறைந்தது மூன்று மாதம். காரணம் தெரியாமல் வந்ததென்றால் இன்னும் நீளலாம். அசிட்ரோம், வார்ஃபரின் சாப்பிடுவோர் 'ஐ.என்.ஆர்.' பார்த்தாக வேண்டும். லேபுக்கு லேப் விடை மாறிய குழப்பத்தைத் தீர்க்க உலக சுகாதார நிறுவனம் 1983இல் கொண்டுவந்த பொது அளவுகோல் அது. சாதாரணமாக 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும். கீரையில் உள்ள கே வைட்டமின் மருந்தை எதிர்க்கும் என்பதால் வீட்டில் முருங்கைக்கீரையையே தடை செய்துவிடுகிறார்கள். பாவம்! வாரத்துக்கு வாரம் அளவு மாறாமல் சாப்பிட்டால் போதும், அதற்கேற்ப மாத்திரையை டாக்டர் சரிசெய்வார். 2008க்குப் பிறகு வந்த ரிவரோக்சபன் போன்ற புது மாத்திரைகளுக்குக் கீரைத் தகராறும் இல்லை, ஐ.என்.ஆருக்காக மாதாமாதம் லேபுக்கு அலைவதும் இல்லை. ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் செயற்கை வால்வு பொருத்தியவர்களுக்கும் கணக்கு வேறு. வால்வுக்காரர்களுக்கு இன்றும் அந்தப் பழைய வைக்கோல் மருந்தின் வாரிசுதான்.