பக்கிங்காம் கால்வாய்க் கரைத்தடம்

சென்னைக்குத் தெற்கே அடையாற்றிலிருந்து மரக்காணம் வரை, கடலோரத்தைப் பிரியாமல் கோடு கிழித்ததுபோல ஓடும் உவர்நீர்க் கால்வாயின் கரைகளில், முதலில் படகு இழுப்போரின் கால் பட்டு உண்டாகி, பிறகு ஆடு மேய்ப்போராலும் மீன் வியாபாரிகளாலும் அழியாமல் காக்கப்பட்டு, நம் காலத்தில் கரடுநிலச் சைக்கிள் ஓட்டுவதில் பிரியமுள்ளவர்கள் விடியற்காலையில் தேடிவருகிற மண்பாதையே இங்குக் கரைத்தடம் எனப்படுவது. செங்கல்பட்டு மாவட்டம் திருப்போரூர் வட்டத்தைச் சேர்ந்த நெம்மேலியை ஒட்டிய பகுதி இதில் சுவாரசியம் மிக்கது. கிழக்கே கடலும் மேற்கே கால்வாயும் அதனோடு கலந்து விரியும் கழிவெளியுமாக, ஊர் ஒரு மணற்பட்டையின்மேல் அமர்ந்திருக்கிறது. தடம் முழுவதும் ஒரே தொடர்ச்சியாக இருக்கிறது என்று எவரும் எண்ணிவிடலாகாது. சில இடங்களில் கரை கரைந்து போயிருக்கும். சில இடங்களில் வேலிக்கருவை வழியை விழுங்கியிருக்கும்.

கால்வாயின் சரித்திரம் 1806இல் தொடங்குகிறது. பேசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூருக்குச் சொந்த முயற்சியில் வெட்டுவித்த நீர்வழி, 1837இல் அரசாங்கத்தின் வசமாகி, பின்னர் வடக்கே கிருஷ்ணா நதிப் பக்கத்துப் பெத்தகஞ்சம் வரையும் தெற்கே மரக்காணம் வரையும் சிறிது சிறிதாக நீண்டு, உப்புநீர்ப் பகுதி மட்டும் ஏறக்குறைய 420 கிலோமீட்டர் என்ற அளவை எட்டியது. எனினும் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே சுமார் 8 கிலோமீட்டர் தூரம் இணைப்பின்றிக் கிடந்தமையால், வடபகுதியும் தென்பகுதியும் நெடுங்காலம் தனித்தனியே இயங்கின. அந்த இடைவெளியை நிரப்பியது, இன்றும் கிராமத்துப் பேச்சில் தாது வருஷப் பஞ்சம் என்று வழங்கும் 1876–78ஆம் ஆண்டுகளின் கொடும் பஞ்சமே. கஞ்சிக்கு வழியின்றிச் சென்னையை நோக்கி வந்த ஜனங்களைக் கொண்டு, பஞ்ச நிவாரண வேலையாக அந்த இணைப்பு வெட்டப்பட்டது. 1878இல் முழுக் கால்வாய்க்கும் அப்போதைய கவர்னராகிய பக்கிங்காம் பிரபுவின் பெயரைச் சூட்டினார்கள். மண்வெட்டி பிடித்தவர்களின் பெயர் ஒன்றுகூட எந்தப் பாலத்திலும் பொறிக்கப்படவில்லை.

தென்பகுதிப் படகுகள் உப்பையும் சவுக்கு விறகையும் சென்னைக்குக் கொண்டுசென்றன. காற்று வாய்த்தபோது பாய் விரித்தும், நீர் ஆழமற்ற இடத்தில் கழி ஊன்றியும், இரண்டும் பலியாதபோது கரையில் ஓர் ஆள் கயிற்றைத் தோளில் மாட்டி இழுத்தும் அவை நகர்ந்தன. ரயில் எட்டாத மாமல்லபுரத்துக்குச் செல்லும் யாத்திரிகர்களுக்கும் இதுவே சௌகரியமான மார்க்கம். 1934இல் நண்பர்களோடு இவ்வழியே தோணியில் பிரயாணம் செய்த பாரதிதாசன், ‘மாவலிபுரச் செலவு’ என்ற பாட்டில் நிலவையும் நீரையும் வருணித்ததோடு நில்லாமல், கரையில் முதுகு வளைந்து கயிறிழுத்தவனையும் கண்டு மனம் பொறாமல் எழுதினார். இத்தடத்தைப் பற்றித் தமிழில் கிடைக்கும் சாட்சியங்களில் அதற்கு ஈடாக வேறொன்றைச் சொல்ல இயலாது.

லாரிகள் பெருகியபின் படகு வியாபாரம் தளர்ந்தது. 1965–66ஆம் ஆண்டுகளிலும் 1976இலும் வீசிய புயல்கள் கால்வாயைத் தூர்த்தன. படகு போயிற்று, பாதை தங்கிற்று.

அதன்மேல் ஓடிய முதற் சைக்கிள்கள் விளையாட்டுக்காக வந்தவை அல்ல. 1949இல் தோன்றிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் செய்து விற்ற ஹெர்குலிஸ் போன்ற கனத்த கறுப்பு வண்டிகளின் கேரியரில் மீன்கூடையைக் கட்டி, சொட்டச் சொட்ட உள்ளூர்களுக்கு மிதித்துச் சென்றவர்களே இத்தடத்துச் சைக்கிள்காரர்களின் முன்னோர். கியரும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. சீட்டுக்கு அடியிலிருந்த சுருள்வில்லைத் தவிர.

கரட்டு நிலத்தில் வேடிக்கைக்காகவே ஓட்டும் வழக்கம் வெளிநாட்டில் பிறந்தது. 1951 முதல் 1956 வரை பாரிஸ் நகரின் புறத்தே இருபதுக்கு மேற்பட்ட இளைஞர்கள் தம் வண்டிகளை மாற்றியமைத்துக் காட்டுமேட்டில் ஓட்டினார்கள். 1976 அக்டோபரில் கலிபோர்னியாவின் மரீன் பகுதியில் ரீபேக் என்ற இறக்கப் பந்தயம் தொடங்கியது. 1977இல் ஜோ பிரீஸ் அதற்கென்றே சைக்கிள் சட்டகம் செய்தார். 1996இல் அட்லாண்டாவில் ஒலிம்பிக் அந்தஸ்தும் கிடைத்தது. ஆங்கிலத்தில் இதற்கு மலைச் சைக்கிள் என்று பெயர் வாய்த்தது. அந்தப் பெயரை நம்பி நெம்மேலியில் குன்று தேடுபவர் திருக்கழுக்குன்றம் வரை போக வேண்டியிருக்கும். பிரெஞ்சுக்காரர்களோ ‘எல்லா நிலத்துக்குமான வண்டி’ என்ற பொருளில் வழங்குகிறார்கள். நம் கடற்கரைக்கு அதுவே பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். அவர்கள் நாட்டிலும் இதே கதைதான் நடந்தது: 1681இல் திறந்த, சுமார் 240 கிலோமீட்டர் நீளமுள்ள ‘மிடி’ கால்வாயில் குதிரைகள் படகிழுத்த கரைகள் இன்று சைக்கிள் வழிகளாகியிருக்கின்றன, லுவார் நதிப் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 900 கிலோமீட்டருக்கு முறையான வழியே வகுத்திருக்கிறார்கள். நம் கரைக்கு அத்தகைய பாக்கியம் இன்னும் வாய்க்கவில்லை.

நெம்மேலியிலிருந்து திருப்போரூர் செல்லும் சாலை கால்வாயைக் கடக்கும் பாலத்தண்டையில் இறங்கிக் கரையில் ஏறினால், முதல் நூறு கெஜத்திலேயே இந்நிலத்தின் சுபாவம் தெரிந்துவிடும். டயரில் கல்போலக் காற்றடைத்து வருபவர் சர்க்கரைபோல் உதிரும் மணலில் முன்சக்கரம் புதைந்து இறங்கித் தள்ளுவார். அனுபவசாலி காற்றைக் கொஞ்சம் இறக்கி, லேசான கியரில், ஹேண்டிலை இறுக்காமல் மணலே வழிகாட்டும்படி விட்டு ஓட்டுவார். அடுத்த சத்துரு முள். நெருஞ்சி டயரில் ஏறினால் விரலால் தட்டிவிடலாம். வேலிக்கருவை முள் ஆழப் பாய்ந்தால், வழியில் பிடுங்காமல் பங்க்சர் கடை வரை ஓட்டுவதே உத்தமம், ஏனெனில் பல வேளைகளில் அந்த முள்ளே துவாரத்துக்கு அடைப்பாக நிற்கும். கடையில் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் குமிழி பார்க்கும் கைக்காரர், வண்டியின் விலையைக் கேட்டுவிட்டு, அதே பத்து நிமிஷத்தில் அதே ஒட்டைத்தான் போடுவார். உப்புக்காற்றில் செயின் இரண்டொரு நாளில் செம்மை பூசிக்கொள்ளும்; வீடு திரும்பியதும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்து எண்ணெயிடாதவர்கள் அடுத்த வாரம் கறகறப்பைக் கேட்டுக்கொண்டே வருவார்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கரை சேறாகிவிடும். தை பிறந்தபின் களிமண் இறுகி ஓட்டத்துக்கு இசைவாகிறது. கழிவெளியில் பூநாரைகள் இறங்குவதைக் காணக் கிடைப்பதும் அக்காலத்தில்தான். கோடையில் பிற்பகல் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து எதிர்த்தடிக்குமாதலால், தெற்கே மாமல்லபுரம் போக நினைப்பவர் வெயில் ஏறுமுன் போய்விடுவது நலம்.

கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாகி மோட்டார் வாகனங்கள் பறக்கத் தொடங்கியபின், அதன் ஓரத்தில் மிதித்துச் செல்ல அஞ்சியவர்கள் கரைத்தடத்துக்கு ஒதுங்கியது இயல்பே. அதன் எதிர்காலம் இப்போது கழிவெளியின் எதிர்காலத்தோடு பிணைந்திருக்கிறது: 2025–26ஆம் ஆண்டின் தமிழக வரவுசெலவு அறிக்கை, சென்னையின் குடிநீருக்காகக் கோவளத்துக்கு அருகே புதிய நீர்த்தேக்கம் ஒன்றை அறிவித்தது. அதற்கு எழுப்பப்படும் கரைகள் பழைய மண்பாதையின் எப்பகுதியை விட்டுவைக்கும் என்பது, இறாலுக்கும் நண்டுக்கும் கழியில் இறங்குகிறவர்களுக்கே சைக்கிள்காரர்களைவிட முக்கியமான விஷயம்.