"தெரிந்துதானே போனார்கள்?" - முன்பணமும் சட்டமும்



ஜவ்வாது மலை என்றதும் பலருக்கு பீமன் அருவியும் காவலூர் தொலைநோக்கியும்தான் ஞாபகம் வரும். எனக்கு 2015 ஏப்ரல் 7 என்ற தேதி ஞாபகம் வருகிறது. அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி, தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேரை ஆந்திரப் போலீஸ் தனிப்படை சுட்டுக் கொன்றது. இறந்தவர்களில் பலர் ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள்.

அப்போது நிறையப் பேர் கேட்டார்கள்: "தெரிந்துதானே போனார்கள்?" இந்தக் கேள்விக்குச் சட்டம் காலம்தோறும் என்ன பதில் சொன்னது என்று பார்ப்போமா?

இந்த மலையில் பெரும்பாலும் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்துக்காரர்கள் அல்ல). சாமை, தேன், பலா என்று மழையையும் காட்டையும் நம்பிய பிழைப்பு. அது கைகொடுக்காதபோது வெளியூர் வேலைக்கு இறங்குகிறார்கள். அந்த நேரம் பார்த்து முன்பணத்தோடு புரோக்கர் வருவார். வாங்கிச் செலவழித்த பிறகு "எங்கே போகிறோம், என்ன வேலை?" என்று கேட்கும் துணிச்சல் யாருக்கு வரும்?

முன்பணம் புதிய தந்திரம் அல்ல. 1843-ல் ஆங்கிலேய அரசு, அடிமை முறையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்று சட்டம் போட்டது. நல்லதுதான். ஆனால் 1859-ல் இன்னொரு சட்டம் வந்தது. முன்பணம் வாங்கிவிட்டு வேலை செய்யாத தொழிலாளி மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்படுவார்; உத்தரவுக்குப் பணியாவிட்டால் 3 மாதம் வரை கடுங்காவல். அதாவது, கொடுத்தவனுக்குச் சட்டம் துணை, வாங்கியவனுக்குச் சிறை! இதை நீக்கும் சட்டம் 1925-ல்தான் நிறைவேறியது.

1950-ல் அரசியலமைப்பின் 23-வது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்தது. ஆனாலும் கொத்தடிமை முறையை ஒழிக்கத் தனிச் சட்டம் வர மேலும் கால் நூற்றாண்டு ஆனது. 1975 அக்டோபர் 25-ல் அவசரச் சட்டம், 1976-ல் முழுச் சட்டம். இது எல்லாவற்றையும் தலைகீழாக்கியது. கொத்தடிமைக் கடன் அன்றே ரத்து. அது அப்படிப்பட்ட கடன் அல்ல என்று நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர். கொத்தடிமையாக வேலை வாங்கினால் 3 ஆண்டு வரை சிறை. மீட்கும் பொறுப்பு மாவட்ட ஆட்சியருக்கு.

அடுத்தது 1982. டில்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னது. சங்கிலியும் சவுக்கும் மட்டும் கட்டாயம் அல்ல. பசியும் வறுமையும்கூடக் கட்டாயம்தான். வேறு வழியில்லாமல் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைப்பவரும் கட்டாய உழைப்பாளியே.

இப்போது அந்தக் கேள்விக்குத் திரும்புவோம். சேஷாசலத்தில் இறந்த ஒவ்வொருவரும் கொத்தடிமை என்று நான் சொல்ல வரவில்லை. மரம் வெட்டுவது குற்றம் இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் முன்பணம் கொடுத்து ஆளனுப்பியவர் யார் என்பதை விட்டுவிட்டு, கோடரி பிடித்த கையை மட்டும் பார்த்தால், நாம் மறுபடி 1859-க்கே போய்விட்டோம் என்று அர்த்தம். தேசிய மனித உரிமை ஆணையமே தலையிட வேண்டிய சம்பவம் அது.

சட்டம் புத்தகத்தில் மாறிவிட்டது. ஆனால் "முன்பணத்தைக் கட்டும் வரை போக முடியாது" என்று மிரட்டப்படும் ஒருவருக்கு, அந்தக் கடனைக் கட்டத் தேவையே இல்லை, கோட்டாட்சியரிடமோ ஆட்சியரிடமோ மனு கொடுத்தால் போதும் என்று யார் சொல்வது?

உங்கள் ஊரிலும் இப்படி யாராவது இருக்கலாம். முதலில் நாம் சொல்வோமே!