எஸ்.எஸ்.எச் சாவிக்கு ஒரு வாட்ச்மேன்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பார்த்திருப்பீர்கள். ஓனர் காலையில் சாவிக்கொத்தை வாட்ச்மேனிடம் கொடுப்பார். அவர் நாள் முழுக்கக் கேட்பவர்களுக்கு குடோனைத் திறந்துவிடுவார். சாவியை மட்டும் யாரிடமும் தரமாட்டார். கணினியிலும் இப்படி ஒரு வாட்ச்மேன் உண்டு. அவர் கதைதான் இது.

1995-ல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பிணையத்தில் யாரோ ஒட்டுக்கேட்டு, ஆயிரக்கணக்கான கடவுச்சொற்களைத் திருடினார்கள். டெல்நெட் போன்றவற்றில் கடவுச்சொல் மறைக்கப்படாமல் அப்படியே போகும். அங்கிருந்த ஆய்வாளர் டாட்டு யிலோனன் அதே ஆண்டு எஸ்.எஸ்.எச் எழுதி வெளியிட்டார். கடவுச்சொல்லுக்குப் பதில் இதில் சாவி இணையைப் பயன்படுத்தலாம்: பொதுச்சாவி வழங்கியில், ரகசியச்சாவி நம் கணினியில்.

ஆனால் ரகசியச்சாவி வெறும் ஒரு கோப்புதானே? யாராவது நகலெடுத்தால் தீர்ந்தது. அதனால் அதை ஒரு கடவுத்தொடரால் பூட்டி வைக்கிறோம். அதை ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்ய யாருக்குப் பொறுமை? நானும் முதலில் அந்த இடத்தில் வெறுமனே என்டர் தட்டியவன்தான். மடிக்கணினி தொலைந்திருந்தால் எல்லா வழங்கிகளும் சேர்ந்து போயிருக்கும்!

இதற்கு யிலோனன் அப்போதே வைத்த வழிதான் எஸ்எஸ்எச்-ஏஜென்ட். கடவுத்தொடரை ஒருமுறை சொன்னால் போதும். ஏஜென்ட் சாவியை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, கேட்கும்போது கையொப்பமிட்டுத் தரும், சாவியைத் தராது.

பிறகு வந்தவை இதை எளிதாக்கின. 2001-ல் ஜென்டூ லினக்ஸின் டேனியல் ராபின்ஸ் கீசெயின் என்ற நிரலை எழுதினார். ஒவ்வொரு முனையத்துக்கும் தனி ஏஜென்ட் தேவையில்லாமல் போனது. 2007-ல் மேக் லெப்பர்டில் ஏஜென்ட் இயங்குதளத்தோடே சேர்ந்தது. 2016-ல் ஓப்பன்எஸ்எஸ்எச் 7.2, முதல்முறை பயன்படுத்தும்போதே சாவியை ஏஜென்ட்டில் சேர்க்கும் வசதி தந்தது.

வாட்ச்மேனை அடுத்தவர் கட்டடத்துக்கு அனுப்பினால்? ஏஜென்ட் ஃபார்வர்டிங் அப்படித்தான். அந்த வழங்கியைப் பிடித்தவர் உங்கள் பெயரில் மற்ற கதவுகளையும் திறக்கச் சொல்லலாம். 2019 ஏப்ரலில் மேட்ரிக்ஸ் திட்டத்தின் வழங்கிகளுக்குள் நுழைந்தவர் இந்த வழியைத்தான் பயன்படுத்தினார்.

ஆகவே நண்பர்களே, கடவுத்தொடரைக் காலியாக விடாதீர்கள். ஏஜென்ட்டை வையுங்கள், சாவிக்குக் காலக்கெடுவும் வையுங்கள். தெரியாத கட்டடத்துக்கு மட்டும் அவரை அனுப்பாதீர்கள்.