ஒரு சம்மன் போகும் வழி

முன்சீப் கோர்ட்டில் பிராது எண்ணாகி, வாதி பேட்டா (சம்மன் கட்டணம்) கட்டியதும் சம்மன் தயாராகிறது. நீதிமன்ற முத்திரை, வாய்தா தேதி, கூடவே பிராதின் நகல். சம்மன்களை அனுப்பும் நாஜர் ஆபீசிலிருந்து, அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் அமீனாவின் பைக்குப் போகிறது.

அது எப்படிப் போய்ச் சேர வேண்டும் என்பதை 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 5-ஆம் கட்டளையில் படிப்படியாகச் சொல்கிறது. முடிந்தவரை பிரதிவாதியின் கையில் கொடுக்க வேண்டும். அவர் வீட்டில் இல்லை, சீக்கிரம் வருவார் என்றும் தோன்றவில்லை என்றால், உடன் வசிக்கும் குடும்பத்தாரில் வயது வந்த ஒருவரிடம் கொடுக்கலாம். 1976 திருத்தம் வரும்வரை அந்த ஒருவர் ஆணாக இருக்க வேண்டியிருந்தது. மனைவியோ தாயோ வாசலில் நின்றாலும் கணக்கில்லை. வீட்டு வேலையாளிடம் கொடுப்பது இன்றும் செல்லாது.

யாரும் வாங்காவிட்டால் வெளிக்கதவில் ஒட்ட வேண்டும். ஒட்டினால் மட்டும் போதாது. எந்தச் சூழ்நிலையில் ஒட்டினார், வீட்டை அடையாளம் காட்டியவர் யார், சாட்சி யார் என்று அமீனா அறிக்கை எழுத வேண்டும். அதற்குப் பிரமாணப் பத்திரம் இல்லையென்றால் நீதிமன்றம் அவரைச் சத்தியப் பிரமாணத்தின் பேரில் விசாரித்தே ஆக வேண்டும். வழக்கின் நேர்மை இந்த நாலு வரியில்தான் இருக்கிறது என்பேன். அந்தத் தெருவுக்கே போகாமல் எழுதிய ‘வீடு பூட்டியிருக்கிறது’ என்ற வரியால் ஒரு குடும்பத்தின் நிலமே கைமாறிப் போகலாம்.

இந்த வழிகளில் முடியாவிட்டால் அதே கட்டளையின் 20-ஆம் விதி. பிரதிவாதி வேண்டுமென்றே ஒளிகிறார், அல்லது வழக்கமான முறையில் சம்மனைச் சேர்ப்பிக்கவே, அதாவது சார்வு செய்யவே, முடியாது என்று நீதிபதி திருப்தியடைந்தால், கோர்ட் கட்டடத்திலும் பிரதிவாதி கடைசியாக வசித்த வீட்டிலும் ஒட்டச் சொல்லலாம். நாளிதழில் விளம்பரம் கொடுக்கவும் உத்தரவிடலாம். அந்த நாளிதழ் அவர் கடைசியாக வசித்த வட்டாரத்தில் புழங்குவதாக இருக்க வேண்டும். ராமநாதபுரத்தை விட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் பிழைக்கப் போனவர், ஊர்ப்பக்கப் பதிப்பின் உள்பக்கத்தில் வந்த பொடி எழுத்து விளம்பரத்தை எப்படிப் பார்ப்பார்? ஆனாலும் நேரில் கையில் கொடுத்ததற்குச் சமம் என்கிறது சட்டம். இது விதிவிலக்கான வழி, நீதிபதி மனதைச் செலுத்தியே உத்தரவிட வேண்டும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அதனால்தான். கொரோனா காலத்தில், 2020 ஜூலையில், அதே நீதிமன்றம் மின்னஞ்சலையும் வாட்ஸ்அப்பையும் அனுமதித்தது. போன் எண் தெரிந்தும் நேராகப் பேப்பர் விளம்பரத்துக்கு மனுப் போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

வாய்தா அன்று பெயர் கூப்பிடுவார்கள். ஆஜராகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி, பிறகு ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை.

அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள் கெடு. தீர்ப்பாணை தேதியிலிருந்து எண்ண வேண்டும். சம்மன் முறையாகச் சார்வு ஆகாதிருந்தால், விவரம் தெரிந்த நாளிலிருந்து. இங்கே 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம், 123-ஆம் உறுப்பின் விளக்கத்தில், பெரிய உபகாரம் ஒன்றைச் செய்திருக்கிறது: 20-ஆம் விதிப்படி நடந்ததை, இந்தக் கெடுவைப் பொறுத்தவரை, முறையான சார்வாகக் கொள்ளக் கூடாது. ஆக, திருப்பூர்க்காரருக்கு விஷயம் காதில் விழுந்த நாள்தான் முதல் நாள். ஆனால் வாய்தா தேதி அவருக்கு முன்பே தெரியும், ஆஜராக அவகாசமும் இருந்தது என்று வாதி நிரூபித்துவிட்டால், சார்வில் ஏதோ குறை என்று மட்டும் சொல்லித் தீர்ப்பாணையை ரத்து செய்ய முடியாது.